மூன்று லட்சம் பேர் பார்த்த கண்ணீரும் முந்நூறு பேர் பார்த்த முடிச்சும்

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் பவானி. ஈரோட்டில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு வேலை பார்க்கிறேன். ஒன்றரை ஆண்டாக ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர் ஜமக்காள நெசவாளர் ஒருவரைப் பற்றிச் சொந்தச் செலவில் ஆவணப்படம் எடுத்து வருகிறேன். இதுவரை 62 மணி நேரக் காட்சிகள் சேர்ந்திருக்கின்றன. படம் வளர்வதை வாரம் ஒரு சிறு துண்டாக இணையத்தில் போட்டு வந்தேன். பல மாதங்கள் யாரும் சீண்டவில்லை. பிறகு, மகன் தறியை விட்டுப் போனதைச் சொல்லும்போது பெரியவர் கண் கலங்கிய 40 நொடித் துண்டை மட்டும் மூன்று லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். 'பெற்றவரைக் கவனிக்காத மகன்' என்று ஆளாளுக்கு எழுதியதைப் பார்த்து, திருப்பூரில் இருக்கும் மகன் தொலைபேசியில் என்னைக் கடிந்துகொண்டார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். பெரியவர் இதுவரை ஒரு துண்டைக்கூடப் பார்த்ததில்லை, ஊரார் சொல்லித்தான் கேள்விப்பட்டார். இப்போது அவர், 'கேமரா வேண்டாம் கண்ணு, சும்மா வந்துவிட்டுப் போ' என்கிறார். மூன்று வாரமாக நான் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. பதிவுகளைத் தொடர்வதா, நிறுத்துவதா? இப்படித் துண்டுகளை வெளியிட்டதால் திரைப்பட விழாக்கள் படத்தை மறுக்குமா? உதவி செய்கிறோம் என்று சிலர் பணம் அனுப்ப முன்வருகிறார்கள், வாங்கலாமா? (காவிரியும் பவானியும் சேரும் கூடுதுறையை டிரோனில் எடுத்த காட்சியையும் இணைத்திருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.)

பதில்:

தம்பி, மற்ற கேள்விகள் காத்திருக்கட்டும். முதலில் பெரியவர் சொன்னதைத் திரும்ப ஒரு முறை படியுங்கள். 'சும்மா வந்துவிட்டுப் போ.' இதைக் கதவடைப்பு என்று எடுத்துக்கொண்டு நீங்கள் மூன்று வாரம் ஒதுங்கியிருக்கிறீர்கள். நம் பக்கத்தில் ஒருவருக்கு மனம் உண்மையாகவே கசந்துவிட்டால் வார்த்தை இப்படி வராது. நீங்கள் போகும் நேரத்தில் அவர் வீட்டில் இருக்கமாட்டார். இருந்தாலும் 'வாங்க' என்று மரியாதையை ஒரு படி கூட்டிவிடுவார், 'கண்ணு' காணாமல் போய்விடும். உங்களிடம் அவர் விலக்கச் சொன்னது கேமராவை மட்டும்தான். நீங்கள் கேமராவோடு சேர்ந்து உங்களையும் விலக்கிக்கொண்டீர்கள். ஒன்றரை ஆண்டு பழகிய பையன் படம் எடுக்க முடியாது என்றதும் வருவதை நிறுத்திவிட்டான் என்றால், அவன் எதற்காக வந்துகொண்டிருந்தான் என்று அந்த மனிதர் என்ன நினைப்பார்?

ஆகவே வருகிற ஞாயிறு போய்விடுங்கள். கேமராப் பை வீட்டிலேயே இருக்கட்டும், செல்போன் சட்டைப் பையை விட்டு வெளியே வர வேண்டாம். போவதற்கு முன்பே அந்த 40 நொடியை நீக்கிவிடுங்கள். நீக்கிவிட்டேன் என்று சொல்லும்போதே, வேறு பலர் அதை எடுத்துத் தங்கள் பக்கங்களில் போட்டிருக்கிறார்கள், அதை முழுவதும் அழிக்க என்னால் முடியாது என்பதையும் சொல்லிவிடுங்கள். பாதி உண்மையைச் சொல்லிவிட்டு வந்தால், அடுத்த கல்யாண வீட்டில் யாராவது ஒரு மருமகப்பிள்ளை செல்போனை நீட்டி 'இது நீங்கள்தானே மாமா' என்பார். அதன்பிறகு உங்களுக்கு அந்த வீட்டில் இடமில்லை.

அடுத்து மகன். அவரிடம் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். போதாது. பவானியிலிருந்து திருப்பூர் ஒரு நாள் பயணம்கூட இல்லை. நேரில் போங்கள். வேலை முடிந்து அவர் வரும்வரை காத்திருந்து ஒரு டீ சாப்பிடுங்கள். அவர் கத்தினால் கேட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் சுட்டி அனுப்பிய 11 துண்டுகளையும் பார்த்தேன். ஒன்றிலும் மகன் இல்லை. 40 நொடியில் அவர் வில்லன் ஆனதற்கு அதுதான் காரணம். குழித்தறியில் நாள் முழுக்க உட்கார்ந்து நெய்தாலும் கூலி எவ்வளவு நிற்கும் என்பது அந்த வீட்டில் வளர்ந்தவருக்குத்தான் தெரியும். ஒருவேளை போகச் சொன்னதே அப்பாவாக இருக்கலாம். அதை நீங்கள் கேட்கவே இல்லையே. மகன் ஒப்புக்கொண்டு என்றைக்காவது பேசினால் உங்கள் படம் வேறு படமாகிவிடும். ஆனால் முதல் சந்திப்பில் பேட்டி என்ற சொல்லே வாயில் வரக்கூடாது.

இதையெல்லாம் நான் யோக்கியன் என்பதால் சொல்லவில்லை. கோவையில் உட்கார்ந்து இருபத்தைந்து ஆண்டுக்கு மேலாகப் படத்தொகுப்பு செய்து வருகிறேன். முன்பொரு முறை, நொய்யல் கரை விவசாயிகளைப் பற்றிய படத்துக்கு முன்னோட்டம் வெட்டிக் கொடுத்தேன். ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே ஒருவர், சாயத் தண்ணீரால் நிலம் கெட்டு எவ்வளவு கடன் ஏறியது என்று தொகையைச் சொல்லுவார். கேட்டதும் மனம் உறையும். முன்னோட்டத்தின் கடைசி வரியாக அதைத்தான் வைத்தேன். அந்த வீட்டில் அப்போது பெண்ணுக்கு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் முயலவில்லை. மாப்பிள்ளை வீட்டார் பார்த்துவிட்டார்கள், பேச்சு அத்தோடு நின்றது. முழுப்படத்தில் அதே தொகை வருகிறது. ஆனால் அங்கே அது அவரைப் போல இன்னும் பத்துப் பேர் நடுவில், அணையின் கதைக்குள் வருகிறது. முன்னோட்டத்தில் அவர் தனியாகத் தெருவில் நின்றார். நிறுத்தியது நான்.

துண்டுக்கும் படத்துக்கும் உள்ள வேறுபாடு நீளம் மட்டுமல்ல. படத்தில் ஒரு மனிதர் அழுவதற்கு முன்னால் அவர் சிரித்ததை, பேரனைத் திட்டியதை, தறிக்குழியில் இறங்குமுன் வேட்டியை மடித்துக் கட்டியதைப் பார்த்திருப்போம். அழுகை வரும்போது அவர் நமக்குத் தெரிந்தவராகிவிடுவார். துண்டில் கண்ணீர் மட்டும்தான் இருக்கிறது, மனிதர் இல்லை. அதனால்தான் மூன்று லட்சம் பேர் நின்று பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போகிறார்கள்.

இன்னொன்றையும் கவனித்தேன். உங்களுக்குப் பிடிக்காது. அந்தத் துண்டுக்குப் பிறகு நீங்கள் எடுத்த நான்கிலும் உங்கள் கேள்விகள் மாறிவிட்டன. முன்பெல்லாம் 'இந்தச் சிவப்புக்கு அடுத்து ஏன் பச்சை வைக்கிறீர்கள்' என்று கேட்ட பையன், இப்போது 'கஷ்டமாக இருக்கிறதா தாத்தா' என்கிறான். ஒரு துண்டில் அதே கேள்வி மூன்று முறை வருகிறது. முதல் முறை அவர் சிரித்துவிட்டு நூலைப் பார்க்கிறார். இரண்டாம் முறை 'அதெல்லாம் ஒன்றும் இல்லை' என்கிறார். மூன்றாம் முறை உங்களையே பார்க்கிறார். அந்தப் பார்வையை நீங்கள் தொகுப்பு மேசையில் நிறுத்திப் பார்த்திருந்தால் அன்றைக்கே கேமராவை மடக்கியிருப்பீர்கள். பின்னூட்டம் எழுதிய முகம் தெரியாதவர்கள் உங்கள் படத்துக்கு இயக்குநர் ஆகிவிட்டார்கள், தம்பி. பதிவு போடுவதில் எனக்கு இருக்கும் பெரிய பயம் இதுதான். திருட்டுப் பயம், விழா மறுத்துவிடும் என்ற பயம் எல்லாம் இதற்கு அப்புறம்.

உங்கள் பதிவுகளிலேயே மிகச் சிறந்தது எது தெரியுமா? முந்நூறு பேர்கூடப் பார்க்காத ஒன்று. பாவில், அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்களில், ஓர் இழை அறுகிறது. பெரியவர் தறியை நிறுத்துகிறார். கை பாவின் மேல் போகிறது. அவர் கண் அங்கே இல்லை, வாசலில் யாரோ வந்திருக்கிறார்கள், அவர்களோடு பேசிக்கொண்டிருக்கிறார். விரல்கள் தாமாகவே அறுந்த நுனியைக் கண்டுபிடிக்கின்றன. கட்டை விரலை நாக்கில் தொட்டு, இரண்டு நுனியையும் சேர்த்து ஒரு திருகு, ஒரு முடிச்சு, மீந்த பிசிறைக் கிள்ளி எறிகிறார். பேச்சு ஓர் இடத்திலும் அறுபடவில்லை. கால் மறுபடி மிதியை அழுத்த, 'தொம்' என்று குறுக்கு நூலான ஊடை போய்ச் சேருகிறது. 22 நொடிதான். ஓட்டுக் கூரையில் பதித்த கண்ணாடி வழியாக வெயில் அந்தக் கைமேல் மட்டும் விழுகிறது. ஐம்பது அறுபது ஆண்டு உழைப்பு அந்த முடிச்சில் இருக்கிறது. இதை எடுக்கத் தெரிந்த கைக்கு அழுகை எதற்கு?

எனவே, பதிவை நிறுத்தச் சொல்லமாட்டேன். தனியாகப் படம் எடுப்பவனுக்கு யாராவது நாலு பேர் 'அப்புறம் என்ன ஆயிற்று' என்று கேட்டுக்கொண்டிருந்தால்தான் இரண்டாம் ஆண்டைத் தாண்ட முடியும். நீங்கள் காட்ட வேண்டியது உங்கள் உழைப்பை. பெரியவரின் வாழ்க்கை படத்துக்குள் இருக்கட்டும். தறிச் சத்தத்தின் நடுவே பேச்சைப் பதிவு செய்யத் தெரியாமல் நீங்கள் வீணாக்கிய மூன்று ஞாயிறுகளைப் பற்றி எழுதுங்கள். பாவு நீட்டுவதை எடுக்க விடியற்காலையில் போய், அன்றைக்கு அது நடக்காமல் வெறுங்கையோடு திரும்பியதைச் சொல்லுங்கள். ஊடைக்கான நூலைத் தாராகச் சுற்றும் ராட்டையின் ஓசையை மட்டும் ஒரு நிமிடம் போட்டு, இது என்ன என்று கேளுங்கள். உங்கள் தோல்விகளுக்கு நீங்கள்தான் சொந்தக்காரர், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. வாரம் ஒன்று என்ற நேர்த்திக்கடனையும் விட்டுவிடுங்கள். சொல்ல ஏதாவது இருக்கும்போது போட்டால் போதும். குழித்தறியில் நெய்த பகுதி படமரத்தில் சுருண்டுகொண்டே போகும், வெளியே தெரிவது அன்றைக்கு நெய்யும் சாண் அளவுதான் என்பது உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? உங்களுக்குத்தான் அது ஞாயிறுதோறும் கண்ணெதிரே இருக்கிறது.

பெரியவரோ அவர் வீட்டாரோ முகம் தெரிய வரும் எந்தத் துண்டையும் முதலில் அவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். இதுவரை ஒன்றைக்கூட அவர் பார்த்ததில்லை என்று உங்கள் கடிதம் போகிற போக்கில் சொல்கிறது. உலகமே பார்த்தபிறகு ஊராரிடமிருந்து கேள்விப்பட்டிருக்கிறார், பாவம். சம்மதத்தைத் தமிழிலேயே, நிதானமாக, கேமரா முன் வாங்கிக்கொள்ளுங்கள். படத்துக்குத் தனியாக, இணையத் துண்டுகளுக்குத் தனியாக. தொகுப்பு முடியும்வரை எதை வேண்டாம் என்றாலும் எடுத்துவிடுவேன் என்பதும் அதில் இருக்கட்டும். 'எடுத்துக்கோ' என்று அவர் ஒன்றரை ஆண்டுக்கு முன் சொன்னது படம் எடுத்துக்கொள்ளச் சொன்னது, கண்ணீரை எடுத்துக்கொள்ளச் சொன்னது அல்ல.

தலைப்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'அழிந்துபோன பவானி ஜமக்காளம்' என்று ஆறு பதிவுகளில் போட்டிருக்கிறீர்கள். அழிந்துபோனதை அவர் எப்படித் தம்பி இன்றைக்கும் நெய்துகொண்டிருக்கிறார்? பவானி ஜமக்காளத்துக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி கைத்தறிக்கு மட்டுமே ஒதுக்கப்பட்ட 11 வகைகளில் ஜமக்காளமும் இருக்கிறது. இவ்வளவுக்கும் பிறகு விசைத்தறி விரிப்பை 'பவானி' என்று சொல்லி மலிவாக விற்கிறார்கள். அங்கேதான் உங்கள் கதை இருக்கிறது. அழிந்துவிட்டது என்று படித்தவன் கடைக்குப் போய் ஜமக்காளம் கேட்கமாட்டான். நீங்கள் இரங்கல் எழுதியது உயிரோடு இருக்கிற ஒருவரின் பிழைப்புக்கு.

இந்த இடத்தில் பயண எழுத்தாளர் ஏ.கே. செட்டியார் நினைவுக்கு வருகிறார். காந்தியைப் பற்றி ஆவணப்படம் எடுக்க 1937இல் கிளம்பி, ஒரு லட்சம் மைல் சுற்றி, உலகெங்கும் பலர் எடுத்து வைத்திருந்த 50,000 அடிப் படச்சுருளைச் சேர்த்து, அதை 12,000 அடியாகச் சுருக்கி 1940இல் வெளியிட்டார். ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. நீங்கள் வைத்திருக்கும் 62 மணி நேரத்தை 50 நிமிடப் படமாக்கினால் எழுபத்துநான்கில் ஒரு பங்கு. செட்டியாரைவிடப் பதினெட்டு மடங்கு இறுக்கமாகச் சுருக்கப் போகிறீர்கள்! படம் எடுத்த அனுபவத்தை அவரும் எழுதினார், சுவையாகவே எழுதினார். ஆனால் படம் வெளிவந்து பல பத்தாண்டுகளுக்குப் பிறகு, தம் 'குமரி மலர்' இதழில். உங்களை அவ்வளவு காலம் காத்திருக்கச் சொல்லவில்லை. இனிமேல் புதிதாக எடுப்பதைக் குறைத்துக்கொண்டு, கையில் இருப்பதைப் பாருங்கள் என்கிறேன். எந்தக் கோப்பில், எந்த நிமிடத்தில், என்ன இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். நீங்கள் கணக்குப் பிள்ளை, பேரேடு எழுதச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த நோட்டு முடியும்போது உங்களுக்குப் படம் தெரிந்துவிடும்.

நோட்டு எழுதும்போதே இன்னொரு பிரதியும் எடுத்துவிடுங்கள். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதியும் கேமராவில் ஒரு மணி நேரக் காட்சி 45 ஜிபி வரும், 62 மணிக்கு ஏறக்குறைய 2.8 டிபி. அத்தனையும் ஒரே வன்தட்டில், அதுவும் மேசை விளிம்பில் இருப்பதைப் புகைப்படத்தில் பார்த்தேன். எனக்கு வயிற்றைக் கலக்கியது. 'நானூக் ஆஃப் த நார்த்' என்ற புகழ்பெற்ற ஆவணப்படத்தை எடுத்த ராபர்ட் ஃபிளாஹர்ட்டி 1916இல் டொராண்டோவில் தொகுப்பு வேலையின்போது சிகரெட்டைத் தவறவிட்டு, கனடாவின் வடபகுதியில் எடுத்து வந்த நெகட்டிவ் முழுவதையும் எரித்துவிட்டார். திரும்பப் போய் மறுபடி எடுத்தார், 1922இல் படம் வந்தது. உங்கள் பெரியவர் மறுபடி அதே முடிச்சைப் போடலாம், ஆனால் வாசலில் அதே ஆள் வந்து நிற்கமாட்டார். இரண்டாம் பிரதி ஒன்று உறவினர் வீட்டில், வேறு ஊரில் இருக்கட்டும்.

விழாக்களைப் பற்றிக் கவலை வேண்டாம். முழுப்படத்தையும் பொதுவில் ஏற்றிவிட்டால்தான் பல விழாக்கள் கதவைச் சாத்தும். ஓரிரு நிமிடத் துண்டுகளை யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. மும்பையில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் ஆவணப்பட விழா, திருவனந்தபுரத்தில் கேரள சலச்சித்திர அகாதமி நடத்தும் ஆவணப்பட, குறும்பட விழா இரண்டின் விதிகளையும் அந்தந்த ஆண்டில் வெளியாகும்போது படித்துப் பாருங்கள். தேசிய விருதுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். அதைவிட உங்களுக்கு உடனடிச் சிக்கல் வானொலிதான். தறிக்கூடத்தில் நாள் முழுக்கச் சினிமாப் பாட்டு ஓடுகிறது. உங்கள் அருமையான காட்சிகளில் பாதியில் யாரோ ஒருவர் காதல் தோல்வியைப் பாடிக்கொண்டிருக்கிறார். யூடியூப் அந்தப் பாட்டைத் தானாகவே கண்டுபிடித்து உரிமை கோரும். அதுகூடப் பரவாயில்லை. பாட்டு ஓடும் காட்சியை நடுவில் வெட்டினால் பல்லவி தாவிக் குதிக்கும், தொகுக்கவே முடியாது. இனி எடுக்கும்போது பத்து நிமிடம் மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். எடுத்து முடித்ததும் நீங்களே போட்டுவிடுங்கள், அவர் வேலைக்கு அது வேண்டும்.

பணம் இரண்டு வகை. பெரியவருக்கு உதவுகிறேன் என்பவர்களிடம் அவர் எண்ணைக் கொடுக்காதீர்கள். அவர் யாரிடமும் கை நீட்டவில்லை. அவர் ஒப்புக்கொண்டால், அவர் எந்தச் சங்கத்துக்கு அல்லது கடைக்கு நெய்கிறாரோ அங்கே ஜமக்காளம் வாங்கச் சொல்லுங்கள். படத்துக்குத் தருகிறேன் என்பவர்களிடம் வாங்கலாம். தனி வங்கிக் கணக்கு, ரசீது, மாதக் கடைசியில் வரவு செலவு. அதைப் பதிவாகவே போடலாம், உங்களைவிட நன்றாக அதை யார் எழுதுவார்? வெளிநாட்டில் வேலை பார்க்கும் இந்தியக் குடிமக்கள் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் சிக்கலில்லை. அங்கேயே குடியுரிமை வாங்கிவிட்டவர்கள் அனுப்புவது 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்குள் வரலாம். வாங்குமுன் ஆடிட்டரைக் கேளுங்கள்.

படம் முடிந்தபிறகு முதல் காட்சி அவர் வீட்டுத் திண்ணையில் நடக்கட்டும். 1905இல் திருச்சியில் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை வாங்கி ஊர் ஊராகக் கூடாரம் போட்ட சாமிக்கண்ணு வின்சென்ட், 1914இல்தான் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். கொங்கு நாட்டில் சினிமா முதலில் ஊர்களுக்குத்தான் போயிற்று. உங்களுக்குத் தேவை ஒரு வெள்ளை வேட்டியும் வாடகைப் புரொஜெக்டரும். மகனுக்கு விடுமுறை உள்ள நாளாகப் பார்த்து வையுங்கள்.

கூடுதுறை டிரோன் காட்சியைப் பார்த்தேன். இரண்டு ஆறும் கோபுரமும் அழகாகத்தான் இருக்கின்றன, பவானி என்று தேடினால் வரும் எல்லா வீடியோவிலும் இருப்பது போலவே. அதற்குக் கொடுத்த வாடகையில் ஒரு நல்ல காலர் மைக் வாங்கியிருக்கலாம்.